'ம்' என்று சொல்ல உயிர் எதற்கு?

9 ஜனவரி 2024, இரவு 11.20

மகள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இன்றைக்குப் பயிற்சித் தாளில் ஒரு கேள்வி: "மெய்யெழுத்து உயிரெழுத்தின் துணையின்றித் தனித்து ஒலிக்காது. சரியா, பிழையா?" சரி என்று போடச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்து, வாயை இறுக்க மூடிக்கொண்டு "ம்ம்ம்ம்" என்று மூச்சு தீரும்வரை இழுத்தாள். "ப்பா, இதுல எங்க உயிர் இருக்கு?"

பதில் இல்லை. "டீச்சர் சொன்ன மாதிரி போடு" என்று தப்பித்தேன்.

நான் ஒலிபெருக்கிக்காரன். கல்யாணம், கோயில் திருவிழா, பிறந்தநாள் என்று பினாங்குத் தீவிலும் அக்கரையிலும் பதினெட்டு வருடமாக ஸ்பீக்கர் தூக்குகிறேன். ஒலி விஷயத்தில் எட்டு வயதுப் பிள்ளையிடம் தோற்றது உறுத்துகிறது. இங்கே உங்களிடம் கேட்டுவிட்டுப் படுக்கிறேன். என் கட்சி: மெய் தனியாகவே ஒலிக்கும். மறுப்பவர்கள் வரலாம்.

10 ஜனவரி, காலை 7.05

ஒரே இரவில் பதினோரு பேர் பதில் எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பேர் "தொல்காப்பியத்தைப் படி" என்கிறீர்கள். "மெய்யின் இயக்கம் அகரமொடு சிவணும்." படித்தேன். மெய்க்கு ஒலியே கிடையாது என்று அது சொல்வதாக எனக்குப் படவில்லை. ககரம், மகரம் என்று எடுத்துச் சொல்ல ஓர் அகரம் வேண்டும், அவ்வளவுதான். கைப்பிடி போனாலும் வாளி வாளிதானே.

கோலாலம்பூர் அக்கா கேட்டது நியாயம்: "ம் ஒன்றை வைத்துப் பேசினால் எப்படி தம்பி? பதினெட்டையும் சொல்லிப் பாருங்கள்." இன்றைக்கு வேனில் சொல்லிப் பார்க்கிறேன்.

10 ஜனவரி, இரவு 10.50

பாலத்தில் நெரிசல், நேரம் நிறையக் கிடைத்தது. பக்கத்து லாரிக்காரர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார்.

ங் ஞ் ண் ந் ம் ன் ஆறையும் இழுக்க முடிகிறது. வாய் அடைத்திருக்கிறது, காற்று மூக்கு வழியே போகிறது. ல் ள் ழ் இழுக்கலாம். ர் உருட்டலாம். ய்-யை இழுத்தால் ஈ ஆகிவிடுகிறது. வ்-வை இழுத்தால் பாதி ஊ, பாதி வண்டு. ற் வல்லினம் என்றாலும் உருட்ட வருகிறது, அதை இப்போது யாரும் கிளற வேண்டாம்.

க் ட் த் ப் வந்ததும் வண்டி நின்றுவிட்டது. 'ப்' என்று உதட்டை மூடினால் உள்ளே ஒன்றுமே இல்லை. திறந்தால்தான் ஏதோ வருகிறது. திறந்த உடனே திருட்டுத்தனமாக ஓர் உயிரும் நுழைந்துவிடுகிறது.

ஆக, மெல்லினமும் இடையினமும் என் கட்சி. வல்லினம் டீச்சர் கட்சி.

11 ஜனவரி, இரவு 12.30

தூக்கம் வரவில்லை. மடிக்கணினியில் "அப்பா" என்று பதிந்து அலையைத் திரையில் போட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் ஒரு மேடு, அது 'அ'. வலப்பக்கம் பெரிய மேடு, அது 'ஆ'. நடுவில் கோடு கிழித்த மாதிரி வெறுமை. என் குரலில் ஏறக்குறைய 0.2 வினாடி. அந்த வெறுமைதான் 'ப்ப்'. இவ்வளவு காலம் பிள்ளை என்னை அப்பா என்று கூப்பிட்டதில் மூன்றில் ஒரு பங்கு வெறும் மௌனம்!

பிறகு பா, தா, கா மூன்றையும் பதிந்தேன். உதடோ நாக்கோ விடுபடும்போது வரும் 'டப்' வெடிப்பை மட்டும் வெட்டி எறிந்தேன். மனைவியை எழுப்பிக் கேட்க வைத்தேன் (ஏச்சு தனி). பா, தா இரண்டையும் சரியாகச் சொன்னாள், கா-வில் கொஞ்சம் தடுமாறினாள். வெடிப்பே இல்லை, ஆனாலும் மெய் கேட்கிறது! அடுத்து, 'ஆ' தொடங்கும் இடத்தில் ஒரு சின்னத் துண்டை, கண் இமைப்பதில் பாதிகூட இராது, வெட்டினேன். மூன்றும் ஒரே 'ஆ' ஆகிவிட்டன.

அப்படியானால் 'ப்' எங்கே குடியிருக்கிறது? மௌனத்தில் கொஞ்சம், வெடிப்பில் கொஞ்சம், மிச்சம் முழுக்க 'ஆ'வின் விளிம்பில். உதடு மூடிய நிலையிலிருந்து வாய் 'ஆ' அளவுக்கு விரியும் அந்த நொடியில் உயிரின் ஒலி வளைகிறது. அந்த வளைவைத்தான் காது 'ப்' என்று படிக்கிறது.

12 ஜனவரி, காலை 6.40

இரவு நான் கண்டுபிடித்ததாக நினைத்ததை எழுபது வருடத்துக்கு முன்பே செய்து முடித்துவிட்டார்கள். ஈப்போ அண்ணன் எடுத்துக் கொடுத்தார். 1952-இல் அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் லிபர்மன், டெலாட்ரே, கூப்பர் என்ற மூவர் செய்த சோதனை. 1440 ஹெர்ட்ஸ் அருகே ஒரே ஒரு சின்ன இரைச்சலை இயந்திரத்தில் உண்டாக்கி, அதன் பின்னால் வேறு வேறு உயிரை ஒட்டினார்கள். ஈ-க்கும் ஊ-வுக்கும் முன்னால் வைத்தபோது கேட்டவர்களில் பெரும்பாலோர் 'ப்' என்றார்கள். ஆ-வுக்கு முன்னால் வைத்தபோது அதே இரைச்சலை 'க்' என்றார்கள். இரைச்சலில் ஒரு மாற்றமும் கிடையாது. எந்த மெய் என்று தீர்ப்பெழுதியது பின்னால் வந்த உயிர்.

13 ஜனவரி, பிற்பகல் 3.15

இன்றைக்குப் பக்கத்து வீட்டு ஆன்டி என் கட்சிக்கு ஓட்டுப் போட்டார், தெரியாமலேயே.

மதியம் மின்தூக்கியில் வழக்கம்போல "சுடா மாக்கான் கா?" (மலாயில், சாப்பிட்டாச்சா?) என்றார். நான் வம்புக்கு, அவர் வீட்டுச் சீன மொழியான ஹொக்கியனில் சோற்றுக்கு என்ன என்றேன். "ப்ங்." நான் "பெங்" என்றேன். சிரித்தார். "பெங் இல்லை, ப்ங்." உதடு மூடித் திறக்கிறது, உடனே மூக்குக்குள் போய்விடுகிறது. நடுவில் அ, இ, உ, எ எதுவும் கிடையாது. புளிப்பு? "ஸ்ங்." அதிலும் உயிர் இல்லை. ஒரு முழு அசை, மெய்யை வைத்தே நடக்கிறது. ஆயர் ஈத்தாம் சந்தையில் நாள் முழுக்க ஆள்கள் இதைச் சொல்லித்தான் சோறு வாங்குகிறார்கள்.

அவர்கள் குடும்பப் பெயரே 'ங்'. நம் அகரவரிசையில் சம்பளம் மட்டும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எழுத்துக்கு இங்கே அடையாள அட்டையே இருக்கிறது. நாம்தான் பொறுக்காமல் 'எங்', 'இங்' என்று ஓர் உயிரை முன்னால் ஒட்டிவிடுகிறோம்.

15 ஜனவரி, காலை 9.00

பொங்கல் வாழ்த்து. பால் பொங்கியாச்சு. எங்கம்மா "பாலு பொங்கிருச்சு" என்றார்கள். பால், பாலு. கார், காரு. பஸ், பஸ்ஸு. ஐயா, 'ங்' விஷயத்தில் நாம் செய்ததும் இதுதானே! மெய்யில் நிறுத்த நம் நாக்குக்குப் பிடிக்காது, ஓர் உகரத்தைச் சொருகிவிடும். தனியே நிற்காது என்பது மனித வாயைப் பற்றிய சட்டமில்லை, தமிழ் வாயின் பழக்கம். டீச்சர் தமிழைப் பற்றித்தான் சொன்னார் என்றால் சரி போட்டதில் தப்பில்லை. யோசிக்க வேண்டும். பொங்கல் ஆறுகிறது.

18 ஜனவரி, இரவு 11.45

உப்புக் கணக்கு. இது நீளம்.

மாத்திரை தெரியும்தானே: "கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை." குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அப்படியானால் 'க' எவ்வளவு? அரையும் ஒன்றும் ஒன்றரை என்று பள்ளிக்கூடக் கணக்கு சொல்லும். இலக்கணம் ஒன்று என்கிறது. "மெய்யோடு இயையினும் உயிரியல் திரியா", மெய் வந்து சேர்ந்தாலும் உயிரின் அளவு மாறாது. அந்த அரை எங்கே போயிற்று?

பழைய உரையில் இதற்கு ஓர் உவமை இருக்கிறது. ஒரு நாழி நீரில் அரை நாழி உப்பைக் கலந்தால் ஒன்றரை நாழி ஆகிவிடாது, அதுபோல என்று. படித்த உடனே எனக்குக் கை அரித்தது.

அடுப்படியில் அளவுக் குவளை. கோடு வரை தண்ணீர். அதே குவளையால் அளந்த அரைக் குவளை கல்லுப்பு. கொட்டிக் கலக்கினேன். கலக்கினேன். கை வலிக்கக் கலக்கினேன். அம்மா எழுந்து வந்து, "ராத்திரியில உப்ப வீணாக்குற, வீட்டுக்கு ஆகாது" என்று விளக்கை அணைக்கப் போனார்கள். கெஞ்சி நிறுத்தினேன். முடிவு: ஒன்றரைக்குப் போகவில்லை, ஒன்றிலும் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி ஏறக்குறையக் கால் குவளை ஏறியது. அடியில் கரையாத உப்பு ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. நீர் ஓர் அளவுக்கு மேல் உப்பை ஏற்காது, 100 மில்லிக்குச் சுமார் 36 கிராம்தான்.

உரைகாரர் தோற்றார் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போதே வாய் மாற்றிப் பேசியது. நீங்களும் செய்து பாருங்கள். 'பூ' சொல்லப் போங்கள், சொல்லாதீர்கள், உதட்டை மூடியதோடு நிறுத்துங்கள். உதடு இப்போதே குவிந்திருக்கும். 'பீ'க்கு அப்படியே செய்யுங்கள், உதடு விரிந்திருக்கும். ஒலி இன்னும் பிறக்கவில்லை, மெய்யே முடியவில்லை, அதற்குள் உயிர் வந்து உட்கார்ந்துவிட்டது. 'கீ', 'கூ' இரண்டையும் கிசுகிசுத்துப் பாருங்கள். ககரத்துக்கு நாக்கு அண்ணத்தைத் தொடும் இடமே மாறுகிறது, 'கீ'யில் முன்னால், 'கூ'வில் பின்னால்.

இரண்டும் அடுத்தடுத்து நிற்கும் ரயில் பெட்டி இல்லை. ஒரே நேரத்தில் ஒன்றுக்குள் ஒன்று நடக்கின்றன. அரை மாத்திரை எங்கேயும் ஓடிவிடவில்லை, உயிருக்குள் கரைந்து கிடக்கிறது. போன வாரம் என் கத்தரிக்கோலுக்குச் சிக்கியதும் அதுதான். 'அப்பா'வில் திரையில் பார்த்த அந்த 0.2 வினாடி மௌனம்? அது அடியில் படிந்த உப்பு.

தண்ணீரை என்ன செய்தாய் என்று கேட்கிற தம்பிக்கு: கழிப்பறையில் ஊற்றினேன். அம்மா இன்னும் பேசவில்லை.

27 ஜனவரி, பிற்பகல் 2.00

தைப்பூசம் முடிந்து இன்றைக்குத்தான் எழுந்தேன். தண்ணீர்மலைப் பக்கம் ஒரு பந்தலுக்கு ஒலி ஏற்பாடு. பந்தல்காரர் (பெயர் வேண்டாம்) எனக்குத் தெரியாமல் கீழ்ச் சுருதியை ஏற்றும் 'பேஸ்' குமிழைக் கடைசிவரை திருகிவைத்துவிட்டார். நெஞ்சு அதிர்ந்தால்தான் அவருக்கு ஒலி.

சாயங்காலம் ஒரு பையனைக் காணவில்லை. "பச்ச சட்ட போட்ட பையன்" என்று மூன்று தரம் அறிவித்தோம். கால் மணி நேரத்தில் ஒருவர் அழைத்து வந்தார், மஞ்சள் சட்டை போட்ட பையனை. அவன் பாட்டியும் பின்னாலேயே ஓடி வந்தார். அறிவித்தீர்களே என்கிறார். பச்ச, மஞ்ச. சொல்லிப் பாருங்கள். மெய்யை உருவிவிட்டால் இரண்டும் "அ-அ". கூட்டத்தின் காதுக்குப் போனது உயிர் மட்டும்தான்.

ஒலியின் கனம் உயிரில் இருக்கிறது, அது கீழ்ச் சுருதியில் குவிந்து கிடக்கும். ச், ட், க் மாதிரி மெய்களின் அடையாளம் மேலே, பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸைத் தாண்டி, ஒல்லியாக இருக்கும். பேஸ் ஏற ஏறச் சத்தம் பெருகும், சொல் தேயும். கீழே குறைத்து மேலே கொஞ்சம் தூக்கினேன். பந்தல்காரர் "சவுண்டே இல்லையே" என்றார். பச்சைச் சட்டைப் பையன் கிடைத்துவிட்டான், மோர் கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். 'ஸ்'ஸின் சீறல் பெரும்பகுதி அதற்கு மேலே. பெயரைச் சொல்லும்போது 'ஸ்'ஸா 'ஃப்'பா என்று எதிர்முனை திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான்.

28 ஜனவரி, காலை 8.10

திருத்தம். எல்லா மெய்யும் மேலே இருக்கிறது என்ற மாதிரி எழுதிவிட்டேன். ம், ன் எல்லாம் கீழேதான் முனகும். அதனால்தானோ என்னவோ, எவ்வளவு கெட்ட ஸ்பீக்கரிலும் "முருகா" தெளிவாகக் கேட்கிறது.

4 பிப்ரவரி, இரவு 10.20

ஜனவரி 10-ஆம் தேதி "ய்-யை இழுத்தால் ஈ ஆகிவிடுகிறது" என்று போகிறபோக்கில் எழுதியதைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் சண்டை. ஆகட்டும்.

ஈ-க்கு நாக்கு இருக்கும் இடமும் ய்-க்கு இருக்கும் இடமும் ஏறத்தாழ ஒன்று. அங்கேயே தங்கினால் உயிர், தொட்டுவிட்டுக் கடந்து போனால் மெய். "இ ஈ ஐ வழி யவ்வும்" என்ற நன்னூல் நூற்பாவைப் பள்ளியில் தலைகீழாக ஒப்பித்தோம், காரணத்தை யாரும் சொல்லவில்லை. கிளி + அழகு. நாக்கு இ-யிலிருந்து அ-வுக்கு இறங்கும் வழியில் யகரம் தானாக வருகிறது, கிளியழகு. பூ + அழகு. குவிந்த உதடு விரிகிற வழியில் வகரம், பூவழகு. இலக்கணம் போட்ட சட்டம் என்று நினைத்திருந்தேன், வாய் போட்ட வழியாம்.

ஆனால் நிலா + ஒளி = நிலாவொளி. ஆ-வில் உதடு குவிவதில்லையே, வகரம் எங்கிருந்து வந்தது? என் விளக்கம் இந்த இடத்தில் நொண்டுகிறது.

அய்யர், ஐயர் சண்டைக்கும் இதே வேர். அகரத்தின் பின் யகரப் புள்ளி வந்தால் ஐகாரம் போலத் தோன்றும் என்று தொல்காப்பியமே சொல்லியாகிவிட்டது. ஒரே ஒலியைப் பார்த்து ஒருவர் உயிர் என்கிறார், ஒருவர் உயிரும் மெய்யும் என்கிறார். 1943-இல் கென்னத் பைக் என்ற அமெரிக்க மொழியியலாளர் இந்தக் குழப்பத்துக்காகவே இரண்டு ஜோடிப் பெயர் வைத்தார். வாய் திறந்திருக்கிறதா அடைத்திருக்கிறதா என்பதற்கு ஒரு ஜோடி, சொல்லுக்குள் அது பார்க்கும் வேலைக்கு இன்னொரு ஜோடி. அந்தக் கணக்கில் யகரம் உடம்பால் உயிர், உத்தியோகத்தால் மெய். 'ப்ங்'கில் உள்ள 'ங்' நேர் எதிர், உடம்பால் மெய், பார்ப்பது உயிரின் வேலை. நானும் டீச்சரும் இத்தனை நாளாக வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

11 பிப்ரவரி, மாலை 5.30

அம்மா பேசத் தொடங்கிவிட்டார்கள். "அந்தப் பொட்டிய எடு. மொளகா காயுது பாரு. புள்ள எங்க?" கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். மகள் திருத்தினாள்: "பெட்டி, பாட்டி. மிளகாய். பிள்ளை."

அம்மா கண்டபடி மாற்றவில்லை, கவனித்தீர்களா? பெட்டி பொட்டி, பெண் பொண்ணு, பிடி புடி, வீடு ஊடு. முன்னால் உதட்டில் பிறக்கும் ப, ம, வ. பின்னால் நாக்கை மடக்கும் ட, ண, ள, ழ. இரண்டுக்கும் நடுவில் மாட்டிய இ, எ மட்டும் உ, ஒ ஆகிறது. முன்னவன் உதட்டைக் குவிக்கிறான், பின்னவன் நாக்கைப் பின்னுக்கு இழுக்கிறான், நடுவில் உயிர் தாக்குப்பிடிக்க முடியாமல் வளைகிறது. பெரிய, மீன், பின்னாடி எதுவும் அம்மா வாயில் மாறுவதில்லை, பின்னால் மடங்கும் நாக்கு ஒட்டி நிற்கவில்லை.

உடல்மேல் உயிர் வந்து ஒன்றும் என்கிறது நன்னூல். உடல் உயிரைப் பிசைவதையும் பார்த்தாயிற்று. பீடி மட்டும் ஏன் பூடி ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு: வெளியூர்க்காரன், அவனுக்கு இந்த ஊர்ச் சட்டம் தெரியாது.

18 பிப்ரவரி, அதிகாலை 1.10

பட்டாசு, தூங்க முடியவில்லை. சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவு, ஹொக்கியன்காரர்களின் வானதேவர் பூசை. ஆன்டி வீட்டு வாசலில் ஆளுயரக் கரும்பு. "தீ கோங்" என்றார். அந்தத் 'தீ' நம் தீ இல்லை, முழுக்க மூக்கால் வருகிறது. 'தீன்' என்றும் இல்லை, கடைசியில் நாக்கு எங்கேயும் தொடவில்லை.

எங்கேயோ கேட்ட ஒலி என்று கரும்பைப் பார்த்தபடி நின்றேன். "மரம்" என்று வேகமாகச் சொல்லுங்கள். "வந்தான்" என்று சொல்லுங்கள். பேச்சில் கடைசி ம்-முக்கு நாம் உதட்டை மூடுவதே இல்லை, ன்-னுக்கு நாக்கைத் தூக்குவதே இல்லை. மெய் செத்துவிட்டது, அதன் மூக்கு மட்டும் முந்தைய உயிரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆன்டி ஒரு கட்டு கரும்பும் சிவப்பு ஆமைப் பலகாரமும் கொடுத்தார்.

3 மார்ச், இரவு 9.40

மகள் என் கைப்பேசியில் தமிழ் தட்டப் பழகுகிறாள். நம் முத்து நெடுமாறனின் அஞ்சல் விசைமுறை, ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் வரும். 'கே'யைத் தட்டினால் க் வருகிறது, 'ஏ'யைத் தட்டினால் அது க ஆகிறது. "க் கூட்டல் அ, டீச்சர் சொன்ன மாதிரியே இருக்கு" என்று குஷி.

'கி' என்று அடித்தாள். பிழை. அழிக்கும் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினாள். இ போயிற்று, மிச்சம் 'க'.

"ப்பா, உயிர எடுத்தாச்சுல்ல? க்-தானே மிஞ்சணும்? அ எங்கிருந்து வந்து உக்காந்துச்சு?"

கணினி எழுத்துக் குறியீடான யூனிகோடில் 'க'தான் முதல், அதன்மேல் புள்ளி வைத்தால்தான் க், இலக்கணத்துக்குத் தலைகீழ் என்று சொல்ல வாயெடுத்தேன். மெய்யின் இயக்கம் அகரமொடு... சே. வாளிக்குக் கைப்பிடியைத் தனியாக விற்பதில்லை போலிருக்கிறது. ஜனவரி 10-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் கொஞ்சம் அடக்கமாக வாசிக்கவும்.

5 மார்ச், இரவு 8.15

கேட்டவர்களுக்காக. மின்தூக்கி வாசலில் நேற்றுப் போட்டி நடந்தது. மகள் 'ம்' பதினான்கு வினாடி. 'ங்' வீட்டுப் பையன் 'ங்' பதினேழு. இன்றைக்கு 'ஸ்'ஸில் பழி தீர்க்கிறேன் என்று இறங்கினாள். முன்பல் இரண்டும் விழுந்து கிடக்கிறது, சீறல் பிடிபடாமல் காற்று மொத்தமும் நான்கு வினாடியில் வெளியே போய்விட்டது. பல் முளைத்ததும் மறுபடி வைத்துக்கொள்வதாக ஒப்பந்தம்.

வல்லினப் பிரிவில் இருவரும் போட்டியிடவில்லை.